தெரியல அம்மணி

எங்கள் வீட்டில் அக்காவின் நோய்க்கு யாரும் பெயர் சொல்லவில்லை. ரத்தம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான் என்றார்கள். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமுடியெல்லாம் கொட்டி அவள் படுத்திருந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். அவளுக்குப் பதினாறு வயது. நான் நாலாம் வகுப்பு.

சோமனூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். லிஃப்ட் வாசலிலேயே அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல கண்ணு, அடுத்த மாசம் ஊட்டுக்கு வந்துருவ" என்பார்கள். ஆரஞ்சுப் பழம் அழுகும் அளவுக்குச் சேர்ந்தது. அவர்கள் போனதும் அக்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மட்டும் வேறு மாதிரி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் லேத் ஓட்டினார். ஷிஃப்ட் முடிந்து எண்ணெய் வாசனையோடு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அக்கா அவரிடம், "எல்லாரும் பொய் சொல்றாங்க மாமா. நீங்களாச்சும் சொல்லுங்க. நான் பொழைப்பனா?" என்று கேட்டாள்.

மாமா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரியல அம்மணி," என்றார். "இது ரத்தத்துல வர்ற புத்துநோய். டாக்டருங்க பாத்துட்டுத்தான் இருக்காங்க. என்ன ஆனாலும் நான் உங்கூட இருக்கறேன்."

"பயமா இருக்குதுங்க மாமா."

"எனக்குந்தான்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது ஓய்ந்ததும், அரிசிம்பருப்புச் சாதம் வேண்டும் என்றாள் அக்கா. அவளாக வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

கேரியரோடு வந்த அப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மாமாவை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் கோபத்திலும் மரியாதை குறையாது. "பெத்தவன் வாயில வராதத நீங்க எப்படீங்க மாப்ள சொல்லலாம்? இனி இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க" என்றார். அம்மாவின் செல்போனில் மாமாவின் நம்பரை அன்றே பிளாக் செய்தார்.

"மாமா வரலீங்களாம்மா?" என்று அக்கா தினமும் கேட்டாள்.

"ஓவர்டைம் கண்ணு" என்பாள் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாமா கீழே டீக்கடை ஓரம் பைக்கில் சாய்ந்து நின்றிருப்பார். ஒருநாள் அப்பாவோடு பன் வாங்கப் போன என்னைப் பார்த்துக் கையசைத்தார். அப்பா என்னை ரோட்டின் மறுபக்கம் இழுத்துப் போனார். மாமா ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டார் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். மாமாவைப் பற்றியும், நோயைப் பற்றியும். பார்க்க வந்தவர்கள் கலங்கினால், "எனக்கு ஒண்ணுமில்லீங்க அத்தை, அழுகாதீங்க" என்று அவளே தேற்றினாள். அப்பாவுக்குப் பெருமை. "எம்புள்ள எத்தனை தைரியமாயிட்டா பாத்தீங்களா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

கார்த்திகையில் அவள் போய்விட்டாள். மின்மயானத்தில்தான் மாமாவை அவளருகே விட்டார்கள்.

அந்தக் கடைசி நாட்களில் அவள் எந்நேரமும் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். பயம் போய்விட்டது, அதனால்தான் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் விழித்துவிடக் கூடாதென்று, கட்டிலுக்குக் கீழே சத்தம் போடாமல் விளையாடிக்கொண்டிருந்தேன்.