நான் பார்க்காத சைக்கிள்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய டிரைவர்கள் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. நானும் அதில் ஒருவன். வேலை போய்விட்டால் என் மூன்று பெண்களை எப்படிக் கரையேற்றுவது?

சோதிக்க வந்தவர் என் இடப்பக்கம் உட்கார்ந்தார். கொருக்குப்பேட்டை வரை ஒழுங்காகத்தான் போனேன். அங்கே இடப்புறம் திரும்பும்போது அவர் சட்டென்று ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்புறம் இழுத்தார். நான் பிரேக்கை மிதித்தேன்.

"இன்னா நைனா, சைக்கிள் வர்றது தெரியலியா?" என்றார் அவர்.

"எந்த சைக்கிள்?" என்றேன்.

அவர் என்னைக் கீழே இறங்கச் சொன்னார். முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒருவர் சைக்கிளோடு நின்றிருந்தார். சைக்கிளின் முன் சீட்டில் சின்னக் குழந்தை. அவர் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"கொயந்த கீதுண்ணா, பாத்து ஓட்டக்கூடாதா?" என்றார். இதுவரை யார் யாரை இப்படிப் பார்க்காமலே கடந்து வந்தேனோ என்று உடம்பெல்லாம் வேர்த்தது.

மறுநாள் கண்ணைக் காட்டினேன்; இடது கண்ணில் புரை என்றார் டாக்டர். லாரி சாவியை நானே ஒப்படைத்துவிட்டேன். இப்போது கிடங்கில் வேலை. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது" என்று சொல்லும் டிரைவர்களை, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்கிறேன். கண்ணு நல்லாத்தான் கீது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.