கட்ஆஃப் நாபும் சரோஜா அக்காவின் குரலும்

1. சத்தம் வராத மெஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் தேனியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். குழுவை நடத்திய ராஜாமணி அண்ணன் சென்னைக்குப் போய் மின்சாரத்தில் ஒலி எழுப்பும் கட்டைப் பெட்டி ஒன்றை, ஒரு பழைய சிந்தசைசரை, வாங்கி வந்தார். விளக்கப் புத்தகம் எதுவும் கூட வரவில்லை.

"கட்டையை அமுக்குனா சத்தம் வரப்போகுது. ஆர்மோனியம் மாதிரிதான். வாசிப்பா" என்றார்.

அமுக்கினேன். சத்தமே வரவில்லை. வால்யூமை முழுக்க வைத்தேன், ஒயரைக் கழற்றி மாட்டினேன். மெஷின் போய்விட்டது என்று நினைத்த நேரத்தில், ஃபில்டர் என்று போட்டிருந்த பகுதியில் 'கட்ஆஃப்' என்ற நாபில், திருகுகிற குமிழில், கை பட்டுத் திரும்பியது. பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது போல் ஒரு முனகல் கேட்டது. இன்னும் வலப்பக்கம் திருப்பினேன். அதே சுரம் பளீரென்று வந்தது. சத்தத்தைக் கூட்டத்தான் வால்யூம் இருக்கிறதே, இது எதற்கு? எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் 'ரெசனன்ஸ்' என்று இன்னொரு நாப். அதைத் திருப்பினால் சுரம் மூக்கால் பேசியது. அதுவும் விளங்கவில்லை.

கட்ஆஃப் முழுக்க வலப்பக்கம் இருப்பதுதான் அண்ணனுக்குப் பிடித்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

2. தொண்டைக் கோளாறு

எங்கள் பாடகி சரோஜா அக்கா. கம்பத்திலும் போடியிலும் அவருக்காகவே எங்களைக் கூப்பிடுவார்கள். சிந்தசைசர் வந்த பிறகு, "அந்தம்மா பாடுறது கேக்கவே இல்லையே" என்று போன இடத்திலெல்லாம் சொன்னார்கள். அண்ணன் மைக்கை மாற்றிப் பார்த்தார். மெஷின் வால்யூமைக் குறைத்தால் பாட்டே சோர்ந்துபோனது. கடைசியில் அக்காவின் தொண்டையில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்.

அக்காவும் அதை நம்பிவிட்டார். "எங்குரல் எனக்கே கேக்க மாட்டேங்குது தம்பி. டாக்டர் ஒண்ணுமில்லேங்குறாரு. பெறகு ஏன் இப்படி?" என்றார்.

அண்ணன் ஆண்டிபட்டியில் ஒரு பெண்ணைப் பாடச்சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். "காமயகவுண்டன்பட்டிக் கல்யாணத்தோட அக்காவை நிப்பாட்டிக்கிருவோம். நீயே பக்குவமாச் சொல்லிரு" என்றார். கல்யாண நாள் வரைக்கும் நான் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

3. பந்தலில் விசில்

காமயகவுண்டன்பட்டியில் முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டாவது பாட்டில் இருந்தோம். திடீரென்று காதைக் கிழிக்கிற விசில் சத்தம். மைக்செட்காரர் ஓடி வந்து, "ஏலே, மைக்கு ஊளையிடுது, தள்ளிப் பிடிங்க!" என்று கத்தினார். "அக்கா, பின்னால போங்க!" என்று அண்ணனும் கத்தினார். அக்கா பின்னால் நகர்ந்தார். விசில் நிற்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் கட்டையிலிருந்து கையை எடுத்தேன். விசில் நின்றது. மறுபடி அமுக்கினேன். விசில். அப்போதுதான் பார்த்தேன், சட்டைக்கை பட்டு ரெசனன்ஸ் உச்சத்துக்குப் போயிருந்தது. பதற்றத்தில் அதை முழுக்க இடப்பக்கம் திருப்பினேன். போதாதென்று கட்ஆஃபையும் பாதிக்குக் கொண்டுவந்தேன். விசில் போய்விட்டது. மெஷினின் கரகரப்பும் போய், புல்லாங்குழல் மாதிரி உருண்டையாக ஒரு நாதம் வந்தது.

அக்கா பாட்டைத் தொடர்ந்தார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது! அவரே ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். வால்யூமை நான் தொடவே இல்லை. சரணத்தில் கட்ஆஃபை மெல்ல வலப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அக்கா குரல் அமுங்கியது. இடப்பக்கம் திருப்பினேன். மேலே வந்தது.

பாட்டு முடிந்ததும் அண்ணன் ஓடி வந்தார். "அக்காவுக்குத் தொண்டை தெறந்துக்கிருச்சே! பந்தியில எல்லாரும் கேக்குறாக!"

"தொண்டை இல்லண்ணே, இந்த நாப்பு. வால்யூமைத் தொடவே இல்ல."

"சத்தத்தைக் குறைக்கலைங்குற. பெறகு எப்படிக் கேக்கும்?"

"தெரியலண்ணே. நீங்களே திருப்பிப் பாருங்க."

அக்காவைப் பாடச்சொல்லி, நான் வாசிக்க, அண்ணனே நாபை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பினார். பிறகு, "ஆண்டிபட்டிக்கு வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

"ஆண்டிபட்டியில என்ன?" என்று அக்கா கேட்டார். நாங்கள் இருவரும் ஒயரைச் சுருட்டுவதில் மும்முரமானோம்.

சத்தத்தின் கூர்மையான மேல் பகுதியை ஃபில்டர் வெட்டுகிறது என்பதும், பாடுகிறவரின் சொற்கள் துலங்குவதும் அந்தப் பகுதியில்தான் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கட்ஆஃபை முழுக்கத் திறந்து வைத்து, அக்கா குரலுக்கான அந்த இடத்தை நான்தான் அடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். மேடையில் ஒருவர் குரல் கேட்கவில்லை என்றால், அவர் தொண்டையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், அவருக்கு உரிய இடத்தில் நீங்கள் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.