குப்பு என்று ஒரு பெயர்

என் சிறுவயதில் அன்று அந்தக் குப்பைமேட்டருகே இருந்தவர்கள் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை, நான், பிறந்து மூன்று நாளான தம்பி. இன்று புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், குப்பையைக் கீழே கொட்டும் குழாயின் மூடியைத் திறந்தபோது அடித்த நாற்றம், என்னைச் செம்பவாங் கப்பல்பட்டறைக் குவார்ட்டர்ஸின் பின்புறத்துக்கே இழுத்துப்போனது.

தம்பிக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அத்தை அவனை, மீன் குடலும் அழுகிய கீரையும் கிடந்து ஈ மொய்த்த குப்பையில் புரட்டினார். எனக்குக் குமட்டியது.

"சீ! ஏன் அத்தை?"

"எமனுக்கே அருவருப்பா இருக்கணும்டி. குப்பைன்னு தொடாமப் போயிடுவான். உன் தாத்தா குப்பு, டாக்யார்டு பெயிண்டர் குப்பு, எல்லாரும் இப்படிப் பொழைச்சவங்கதான்."

தம்பி குப்புசாமி ஆனான். இப்போது பேரன் எடுத்துவிட்டான்.

என் மகளுக்கு இரண்டு கலைந்து, மூன்றாவதாக ஒரு பையன் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறான். போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன்.

"குப்புன்னு வைக்கலாமா?" என்று காலையில் கேட்டேன்.

"அசிங்கமா இருக்கு லா, அம்மா!" என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்கும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் குழாய்க்குள் குனிந்து, எமன் காதில் விழட்டுமென்று, என் பேரனை "டேய் குப்பு!" என்று சத்தமாகவே கூப்பிட்டேன்.