மகேஸ்வரி எழுதிய பிழைச் செய்தி

இந்த இரங்கல் கூட்டத்தில் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மகேஸ்வரி இறந்துவிட்டார் என்று ஜமுனாமரத்தூரிலிருந்து போன் வந்தபோது, கலசப்பாக்கத்தில் என் வீட்டில் உட்கார்ந்து அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கணினித் திரையில் அவர் எழுதி வைத்த பிழைச் செய்தி நின்றது: "காலிக் கட்டம் இருக்கிறது. அங்கே யாரும் இல்லையா, யாரும் கேட்கவில்லையா? தெரிந்துகொண்டு வரவும்." நாற்பத்தாறு வயது. மாரடைப்பு. போனை வைத்த பிறகும் அந்தச் செய்தி அப்படியே நின்றது.

எங்கள் மருத்துவ அறக்கட்டளையில் நிரல் எழுதுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மலையூர்க்காரர், சாமை விதைக்கும் குடும்பம். நான் அடிவாரத்துக்காரன், பைத்தான் தெரியும் என்று சொல்லி வேலையில் சேர்ந்துவிட்டு, பிறகு கற்றுக்கொண்டவன். அவர் கேள்வியோடு வருவதைப் பார்த்தாலே எங்கள் ஒருங்கிணைப்பாளர் போனைக் காதில் வைத்துக்கொள்வார். எதிர்முனையில் யாரும் கிடையாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும்.

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் வேன் எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கணிக்கும் நிரலில்தான் அந்தப் பிழைச் செய்தி வரும். முதலில் நான் அதை எழுதியபோது கணக்கெடுப்பு அட்டவணையில் முக்கால்வாசி காலி. அதனால் எண் உள்ள கட்டங்களை மட்டும் சேமிக்கும் 'ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்' வடிவில் வைத்திருந்தேன். கணிப்பைச் செய்யும் எந்திரக் கற்றல் பேக்கேஜ் அதை வாங்க மறுத்து, முழு அட்டவணையாகக் கொடு என்று பிழை காட்டியது. எனக்கோ பசி. ஒரே வரியில் முழுசாக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். பிழை போய்விட்டது, காலிக் கட்டங்களில் எல்லாம் சைபர் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வேன் பட்டியலோடு மகேஸ்வரி என் மேசைக்கு வந்தார்.

"இன்னா சார், மேல்கொட்டாயக் காணோம்?"

"அங்க முழுகாம இருக்கறவங்க யாரும் இல்லீங்க. சைபர்."

"யாரு கேட்டாங்க? கணக்கெடுக்கப் போனவரு ஓடையில தண்ணி வந்துச்சின்னு பாதியில திரும்பிட்டாரு. சைபர் போட்டது நீங்க."

"நான் எங்கங்க போட்டேன்? பேக்கேஜ் கத்துச்சி, அதான்..."

"கத்துனா காது குடுங்க சார். வாயப் பொத்துறீங்களே."

முந்தின மழையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை டோலி கட்டித் தூக்கி வரும்போது பாதி வழியிலேயே பிரசவமானது. தூக்கியவர்களில் மகேஸ்வரியின் அண்ணனும் ஒருவர்.

வேன் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. பஸ்ஸில் பாதி, நடையில் பாதி என்று போய், வீடு வீடாகக் கேட்டுவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். வந்ததும் உட்கார்ந்து மூன்று வரி எழுதினார். அன்றிலிருந்து காலிக் கட்டத்தோடு எதைக் கொடுத்தாலும் நிரல் நின்று அந்தச் செய்தியைக் காட்டும். "கேக்கலன்னா கேக்கலன்னு எழுதுங்க. இல்லன்னு எழுதாதீங்க" என்பார். கேட்பதில் அவ்வளவு கறார். என் டிபன் பாக்ஸிலிருந்துகூடக் கேட்காமல் எடுத்ததில்லை. என்ன, கேட்கும்போது வாயில் பாதி இருக்கும்.

அந்த மூன்று வரிகள்தான் அவருக்குப் பின் என்னிடம் மிச்சம். நீக்க ஒரு நிமிடம் போதும். நீக்கவில்லை. கட்டம் காலியாக வந்தால் போன் போட்டுக் கேட்கிறேன். டவர் எடுக்காத ஊர் என்றால் தொப்பையோடு பஸ் ஏறுகிறேன்.

மேல்கொட்டாயில் அவர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணி ஒருவரும் இல்லை. என் சைபர் சரிதான்.