சாமி மாடத்துக் கைத்துவக்கு

டயகமத் தேயிலைத் தோட்டத்தின் மார்கழிக் காலைகளில் அந்தக் கைத்துவக்கைத் தொட்டால் விரல் நுனி விறைத்துப்போகும். அந்தச் சில்லிப்புக்காகவே, அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு, முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து ஒரு தடவை கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் புறப்படுவேன். பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன ஆசை என்று யாரும் கேட்டுவிடாதபடி, கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுப்பேன்.

பங்களாவில் சமையல்காரராக இருந்த தாத்தாவுக்கு, வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது, குழாயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டு நினைவாகக் கொடுத்துப்போனது அது. இனிச் சுடாது என்பது பொலிசாருக்கும் தெரியும். தாத்தா செத்ததும் அப்பாவுக்கு வந்த ஒரே சொத்து. "கண்டி ராசா காலத்துச் சாமான்" என்று அப்பா எங்கள் வரிசை வீட்டு லயம் முழுக்க அளந்துவிடுவாரே தவிர, அதன் வயதும் விலையும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருடம் தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. கடைவீதிக்குப் பின்னால் ஒரு துண்டுக் காணி விலைக்கு வந்திருந்தது. வேலை போனால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறைக் "காம்பரா"வும் போய்விடும் என்ற பயத்திலேயே குடித்தனம் நடத்திய அம்மா, அந்தக் காணியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த மாஸ்டரிடம் நான் வகுப்பில் பெருமையடிக்கப் போக, அவர் பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். குழாயின் பக்கவாட்டில் மங்கலாக ஒரு கிரீடமும் சில எழுத்துகளும் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"கண்டியில எனக்குத் தெரிஞ்ச ஹாஜியார் ஒருத்தர் இருக்கிறார். அனுமதியெல்லாம் எடுத்துப் பழந்துவக்கு வாங்கி விக்கிறவர். வாற மாசம் கூட்டிக்கொண்டு வாறன். அதுவரைக்கும் கவனமா வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவனமாக வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன? இடையில் ஆயுத பூசை வந்தது. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி என்று வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் புளியும் செங்கல் தூளும் போட்டு விளக்கிச் சந்தனம் வைப்பது வழக்கம். துவக்கும் வருடா வருடம் அந்த வரிசையில்தான் இருக்கும், ஆனால் அதற்குச் சந்தனப் பொட்டு மட்டுந்தான், விளக்குவதில்லை. விலை பேச ஆள் வரப்போகிறார் என்றானபின் அம்மா சும்மா விடுவாளா? கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். போதாதென்று அப்பா மேசனிடம் உப்புத்தாள் வாங்கிவந்து தன் பங்குக்கும் தேய்த்தார். கண் கூசும் பளபளப்பு!

மாஸ்டர் ஹாஜியாரைக் கூட்டிவந்தபோது லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அம்மா தட்டில் துணி விரித்துத் துவக்கை நீட்டினாள். அவர் முகம் சுருங்கியது.

"இத யாரு விளக்கின?"

"நான்தாங்க. புதுசாட்டம் இருக்குல்லீங்களா?"

"இதுட வயசு அந்தக் கறுப்புலதான் தங்கச்சி இருந்த. கிரீடத்தையும் காணல்ல, எழுத்தையும் காணல்ல. இனி எத வெச்சு நான் சொல்லுற?"

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஹாஜியார் துவக்கின் குதிரையை இழுத்துப் பார்த்து, "கல்லு உரசி வெடிக்கிறதில்ல, கேப்பு வெச்சு வெடிக்கிறது. ராசா காலமெல்லாம் முடிஞ்ச பொறகு வந்த சாமான்" என்றார். அப்பாவும் சுருங்கிப்போனார்.

பிறகுதான் அவர் அந்த வேலையைச் செய்தார். குழாயைத் தாங்கிய பிடி மரத்துக்குள் குறுக்கே செருகியிருந்த தட்டையான ஆப்பைத் தட்டி எடுத்து, குழாயை மரத்திலிருந்து மெல்லத் தூக்கினார். கழற்றலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. குழாயின் அடிப்பக்கம், புளியும் செங்கல் தூளும் எட்டாத இடத்தில், எண்ணெய்க் கறுப்போடு அப்படியே இருந்தது. அதில் பளிச்சென்று ஒரு கிரீடம், அடியில் எழுத்துகள்! "லண்டன்ல சோதிச்சுக் குத்தின முத்திர. இந்த மலையில தேயில வாறதுக்கு முந்தி கோப்பி நட்ட காலத்துச் சாமான்" என்றார் ஹாஜியார்.

"அப்படின்னா நம்ம தேயிலைக்கு மூத்ததுங்களா?" என்று கேட்ட அப்பாவின் நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது. வாசலில் நின்ற பிள்ளைகள் விசிலடித்தார்கள். நான் குதித்த குதியில் தட்டு கீழே விழுந்தது.

விளக்காமல் இருந்திருந்தால் இரண்டு பங்கு பெறும் என்று சொல்லிவிட்டுத்தான் ஹாஜியார் விலையைச் சொன்னார். காணிக்குச் சரியாகப் போதும். அப்பா தன் அப்பாவின் துவக்கைப் பார்த்தார், படியில் இருந்த அம்மாவைப் பார்த்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

இன்று அந்த லயம் இடிந்து புல் மூடிக் கிடக்கிறது. ஹாஜியாரும் இல்லை, துவக்கு எந்த ஊர்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதோ தெரியாது. அது போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். லயத்தில் இருந்தவரை எங்கள் கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் கிடந்து, காலையில் "பெரட்டு"க் களத்தில் பெயர் கூப்பிடும்போதுதான் கைக்கு வரும். காணி வாங்கி, சிறுகச் சிறுக வீடும் கட்டிக் குடிபோன பிறகு, தபால்காரர் முதன்முதலாக எங்கள் வாசலில் மணியடித்த அன்று, அம்மா கடிதத்தைப் பிரிக்க விடவில்லை. உறையின் மேலிருந்த வீட்டு நம்பரை என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "இன்னொருவாட்டி வாசி" என்றாள்.