மாலாவின் குறிப்புகளை நீக்கிய நாள்

என் மனைவி மாலாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்ததிலிருந்து, தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது. போன ஞாயிறு அதில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்ததால், நான் பயன்படுத்தாத செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன்.

மாலையில்தான் உறைத்தது. வீட்டு விஷயங்களையெல்லாம் மாலா எழுதி வைத்திருந்த குறிப்புச் செயலியும் அதோடு போயிருந்தது. மறுபடி நிறுவினேன், காலியாகத் திறந்தது. உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"மிச்சம் மீதி இல்லாம அழிக்கறதுக்கு பர்ஜ்னு சேர்த்து அடிச்சீங்களா?"

"இல்லையே."

"அச்சா, அப்ப பயப்படாதீங்க. அது ஸ்னாப்ங்கற முறைல போட்டது. எடுத்தாலும் ஒரு மாசம் காப்பி வெச்சிருக்கும்."

அவள் சொல்லச் சொல்லக் கட்டளையை அடித்தேன். எல்லாம் திரும்பி வந்தன. கடைசிக் குறிப்பு, அவள் கிளம்பிய அன்று எழுதியது: 'பால்கார பையாகிட்ட இனிமே அரை லிட்டர் போதும்னு சொல்லணும்.'

அவள் சொல்லாமலே போயிருக்கிறாள்.

அதிலிருந்து எதை நீக்குவதானாலும் முதலில் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்கிறேன். பையாவிடம் மட்டும் நானும் இன்னும் சொல்லவில்லை. தினமும் ஒரு லிட்டர்தான் வருகிறது.