இன்னும் கால் சுத்து

எங்கள் வீட்டில் எந்த மூடியையும் என்னால் லேசில் திறந்துவிட முடியாது. ஊறுகாய் பாட்டில், மிக்ஸி ஜார், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எல்லாம் என் வீட்டுக்காரர் கை பட்டவை. இறுக்கி முடித்த பிறகும் அவருக்கு மனசு ஆறாது. "எதுக்கும் இன்னும் கால் சுத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒரு திருகு திருகுவார். அவர் அப்பா, சித்தப்பா எல்லோரும் அப்படித்தான். பம்புசெட்டும் டிராக்டருமாக இருந்த குடும்பம். மோட்டாரில் ஒரு போல்ட் கழன்றால் தண்ணீர் நின்று பயிர் காய்ந்துவிடும். அதனால் கழன்றுவிடுமோ என்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த பயம். இறுக்குவதிலும் ஆபத்து உண்டு என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததே கிடையாது. "தாலியில மூணு முடிச்சுக்கு மேல எதுக்கும் ஒண்ணு போட்டீங்களா?" என்று நான் கேலி செய்வேன். அவருக்கும் சிரிப்பு வரும்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு நான் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். என் தம்பியும் சேர்ந்துகொண்டான். இருவரும் ஒரே மாதிரி, எடை குறைந்த கார்பன் இழை ஹேண்டில்பார் போட்ட சைக்கிளாகப் பார்த்து வாங்கினோம். இரண்டையும் பூட்டித் தந்தது என் வீட்டுக்காரர்தான். ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் பகுதியில், இறுக்கும் விசை அதிகபட்சம் ஐந்து நியூட்டன் மீட்டர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள் என்பதால் எண்ணைக் கண்டால் என் கண் அங்கேயே நின்றுவிடும். அவரிடம் காட்டினேன். "அஞ்சோ பத்தோ, அதெல்லாம் கைக்குத் தெரியும்" என்றார்.

முதலில் அந்தச் சத்தம் கேட்டது கீழக்குயில்குடியில். விடிந்தும் விடியாத நேரம். சமணர் மலையை ஒட்டி வண்டி வாகனம் எதுவும் இல்லை. பெடலை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் கைக்கு அடியில் 'டிக்' என்றது. நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் ஆடவில்லை. ஏறி மிதித்தால் மறுபடியும் டிக். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் எல்-கீயை எடுத்து இறுக்கினார். சத்தம் நின்றுவிட்டது.

அது நின்ற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு வந்தது. இறுக்கினார், நின்றது. அடுத்த தடவை சீக்கிரமே வந்துவிட்டது. வலியில் அழுத குழந்தை திடீரென்று அடங்கிவிட்டால் தாய்க்கு ஒரு பயம் வருமே, சத்தமில்லாத நாட்களில் எனக்கு அப்படித்தான் இருந்தது. நாலு வழிச் சாலையில் லாரி பக்கத்தில் போகும்போது சாலையைப் பார்க்காமல் என் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

டார்க் ரெஞ்ச் வாங்கப் போகிறேன் என்றேன். எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர் அது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அக்கா, மச்சான் கையை விடவா அது பெருசு?" என்று தம்பி வேறு அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். அவரோ கோபத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சிநேகிதரிடம் போய் முழங்கை நீளத்துக்கு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். கார் சக்கரத்துக்கு உள்ளது. அதன் அளவு ஆரம்பிக்கிற இடத்தில் என் ஹேண்டில்பார் நொறுங்கியே போயிருக்கும். அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏலக்காயை வைப்பீர்களா என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

சைக்கிளுக்கென்று இருக்கும் சின்ன ரெஞ்சுகளில் மூன்று வகை பார்த்தேன். ஒன்று ஐந்துக்கு மட்டுமே செய்தது. சீட்டுக்கும் மற்ற போல்ட்டுகளுக்கும் அளவு வேறு, அதனால் அது வேண்டாம். இன்னொன்றில் அளவைத் திருகி வைத்தால், அது வந்ததும் 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும். எல்லோரும் அதைத்தான் வாங்கச் சொன்னார்கள். எனக்கோ ஏற்கெனவே ஒரு சத்தத்தோடு படுகிற பாடு போதும் என்றிருந்தது. அதோடு, அது க்ளிக் என்ற பிறகும் எங்கள் வீட்டுக்காரர் எதுக்கும் கால் சுத்து வைப்பார். மூன்றாவதில் சத்தம் கிடையாது, ஒரு முள் மட்டும்தான். இறுக்க இறுக்க எண்களின் மேல் நகரும், எவ்வளவு தாண்டிப் போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆர்டர் போட்ட ரெஞ்ச் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தம்பி வந்துவிட்டுப் போனான். "மச்சான், எனக்கும் டிக் டிக்னுது. காலைல கல்லுப்பட்டி வரைக்கும் போறோம், கொஞ்சம் டைட் வச்சு விடுங்க" என்றான். அவர் வைத்துவிட்டார். என் சைக்கிளை அளந்து பார்க்காமல் ஏற மாட்டேன் என்று சொல்லி நான் அந்தப் பயணத்துக்கு வரவில்லை என்றேன். "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டுப் பார்சலைப் பிரித்தோம். அவர் உற்சாகமாகவே இருந்தார். "என் கை அஞ்சு காட்டும் பாரு" என்றார். எங்கள் பழைய இரும்பு சைக்கிளின் சீட் போல்ட்டில் ரெஞ்சை மாட்டினேன். முள்ளைப் பார்க்கக் கூடாது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வழக்கம்போல் இறுக்குங்கள் என்றேன். இறுக்கினார். முள் ஐந்தைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. "ம், இதான்" என்றார். பிறகு, பழக்கத்தில், அந்தக் கால் சுத்து. முள் பதினைந்தில் போய் நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். நானே என் சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கழற்றினேன். கவ்விப் பிடித்திருந்த இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. மைக்கோடாக இருக்கக்கூடாதா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் உள்ளே இறங்கியது.

"மாப்ள வண்டி" என்றார் அவர்.

தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சைக்கிள் ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அப்படியும் திரும்பத் திரும்ப அடித்தேன். அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். கடைசியில் எடுத்தான். காற்றும் லாரி ஹாரனும் கேட்டன.

"அக்கா, மேம்பாலம் ஏறப் போறேன். அப்புறம் பேசவா?"

"இறங்குடா. அந்த இடத்துலயே இறங்கு!" கத்தினேன். என் வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கத்தியதில்லை.

"ஏக்கா, என்னாச்சு?"

"இறங்கிட்டியா? பக்கத்துல நின்னு ஹேண்டிலைப் பிடிச்சு நல்லா அமுக்கிப் பாரு."

சலித்துக்கொண்டான். செருப்பு உரசும் சத்தம். பிறகு போனிலேயே எனக்குக் கேட்டது, காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி.

"அக்கா... கையோட வந்துருச்சுக்கா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவரும் கேட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி ஒரு மினி லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். மச்சானைக் கட்டிப்பிடித்து ஏதேதோ கேலி பேசினான். அவர் சிரிக்கவில்லை. நான் ரெஞ்சைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

இப்போது மொட்டைமாடிக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. "கொஞ்சம் இறுக்கிவிடுங்களேன்" என்று சொன்னால் எழுந்து போவார், குழாயில் கை வைப்பார், எடுத்துவிடுவார். "நீயே வந்து மூடு" என்பார். நான் போய் மூடுகிறேன். அவர் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.